இதழா, வரலாறா? 1803-இல் கரம்சின் முன் இருந்த வழிகள்

1803 செப்டம்பர் 28 அன்று, ரஷ்யாவில் மிகுதியாக வாசிக்கப்பட்ட இதழொன்றின் ஆசிரியரான நிக்கொலாய் மிகைலோவிச் கரம்சின், கல்வித் துறையின் துணை அமைச்சரும் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மேற்பார்வையாளருமான மிகைல் முராவ்யோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஐந்தாறு ஆண்டுகள் இதழ் நடத்திப் பணம் சேர்த்து, அந்தச் சேமிப்பைக் கொண்டு சுதந்திரமாக ரஷ்ய வரலாற்றை எழுத வேண்டும் என்பதே தன் திட்டமாக இருந்தது என்றும், கண்பார்வை தளர்ந்துவருவதாலும் வேறு சூழ்நிலைகளாலும் இதழைக் கைவிட வேண்டிய நிலை வந்துவிட்டது என்றும், அதனால் ஆண்டுக்கு 6,000 ரூபிள் வருவாயை இழக்கப்போவதாகவும் அதில் தெரிவித்தார். வசதியான வாழ்க்கை தனக்குத் தேவையில்லை, ஐந்தாறு ஆண்டுகள் பிழைத்திருக்க ஒரு வழி கிடைத்தால் வரலாற்றை முடித்துவிடலாம், அதன்பின் வாசகர்களே தன்னைக் காப்பாற்றுவார்கள் என்பது அவருடைய கணக்கு. முராவ்யோவ் ஒரு காலத்தில் அரசர் அலெக்சாந்தருக்கே ஆசிரியராக இருந்தவர். ஆகவே கடிதம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு விரைவாகவே போய்ச் சேர்ந்தது. அக்டோபர் 31 அன்று வெளியான அரசாணை கரம்சினை அரசு வரலாற்றாசிரியராக நியமித்து, ஆண்டுக்கு 2,000 ரூபிள் மானியம் வழங்கியது.

6,000 ரூபிளை விட்டு 2,000 ரூபிளை ஏற்ற இந்த முடிவை, பிற்கால வாழ்க்கை வரலாறுகள் பெரும்பாலும் இயல்பாக நடந்தே தீரவேண்டிய ஒன்றைப் போலச் சொல்லிச் செல்கின்றன. அன்றைய மாஸ்கோவில் நின்று பார்த்தால் அது அத்தனை எளிய முடிவாகத் தோன்றாது. எழுத்தை நம்பி வாழ விரும்பிய, வரலாற்றின் மீது மனம் வைத்த ஒருவருக்கு முன் குறைந்தது ஐந்து வழிகள் திறந்திருந்தன: இதழிலேயே தொடர்ந்து நிலைப்பது, இன்னும் சில ஆண்டுகள் இதழ் நடத்திச் சேமித்துவிட்டுப் பிறகு வரலாற்றுக்கு வருவது, பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி, சந்தா திரட்டி வாசகர் பணத்திலேயே வரலாற்றை எழுதி வெளியிடுவது, அரசின் மானியத்தைப் பெறுவது. கரம்சின் விட்டுவிட்ட வழிகள் சிலவற்றில் அவர் காலத்தவரும் அவருக்கு அடுத்த தலைமுறையினரும் உண்மையாகவே நடந்து பார்த்திருக்கிறார்கள் என்பதால், இந்த ஒப்பீட்டை வெறும் ஊகமாக இல்லாமல் ஓரளவு சான்றோடு செய்ய முடிகிறது.

முதலில் ஆளைப் பற்றிச் சிறிது. 1766-இல் சிம்பீர்ஸ்க் பகுதிச் சிறுநிலக்கிழார் குடும்பத்தில் பிறந்த கரம்சின், மாஸ்கோவில் பேராசிரியர் ஷாதன் நடத்திய விடுதிப் பள்ளியில் படித்தார். சிறிது காலம் காவற்படையில் பணியாற்றினார். பிறகு பதிப்பாளர் நிக்கொலாய் நோவிக்கோவின் வட்டத்தில் சேர்ந்து, சிறுவர் இதழொன்றின் ஆசிரியப் பணியில் எழுத்துத் தொழிலைக் கற்றார். 1789-இலும் 1790-இலும் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், இங்கிலாந்து ஆகிய நாடுகளில் பயணம் செய்து, கோனிக்ஸ்பர்க்கில் கான்ட்டைச் சந்தித்து, புரட்சிக்கால பாரிஸைக் கண்ணால் பார்த்துத் திரும்பியவர், 1791-இல் 'மாஸ்கோ இதழ்' என்ற மாத இதழைத் தொடங்கினார். அவருடைய பயணக் கடிதங்களும் 'பேதை லீசா' என்ற சிறுகதையும் அதில்தான் வெளிவந்தன. காளிதாசனின் சாகுந்தலத்திலிருந்து சில காட்சிகளை ஜெர்மன் மொழிபெயர்ப்பின் வழியாக ரஷ்ய மொழிக்குக் கொண்டுவந்து 1792-இல் அவர் வெளியிட்டதும் அதே இதழில்தான். சந்தாதாரர் முந்நூறு பேரளவே இருந்த அந்த இதழ் இரண்டு ஆண்டுகளோடு நின்றது. 1802-இல் தொடங்கிய 'ஐரோப்பியத் தூதன்' மாதம் இருமுறை வெளிவந்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட வாசகர்களை ஈர்த்தது. அன்றைய ரஷ்யாவில் அது பெரிய எண்ணிக்கை.

பேராசிரியர் பதவியை இங்கே சுருக்கமாகவே பார்த்துக் கடந்துவிடலாம். அக்காலப் பல்கலைக்கழகங்களில் வரலாற்றுத் துறை பெரிதும் ஜெர்மானிய அறிஞர்களின் முறையைப் பின்பற்றியது. அதன் உச்சமான அவுகுஸ்த் ஷ்லோட்ஸர், துறவி நெஸ்தர் எழுதியதாகக் கருதப்பட்ட பழைய ரஷ்ய ஆண்டுவரிசைச் சுவடியை ஆராய்ந்து, 1802 முதல் 1809 வரை கோட்டிங்கனில் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். ஒரு சுவடியின் படிகளை ஒப்பிட்டு, இடைச்செருகல்களைக் களைந்து, மூலபாடத்தைத் தேடும் பணி அது. அத்துறையில் அவருக்கு நிகரானவர் அன்று இல்லை. ஆனால் அந்த நூலைப் படித்தவர்கள் அறிஞர்கள் மட்டுமே. பொது வாசகர் படிக்கும் வரலாறு ஒன்றை எழுத விரும்பியவருக்குப் பல்கலைக்கழகம் ஊதியத்தைத் தந்திருக்குமே தவிர, வாசகரைத் தந்திருக்காது. முறையான பல்கலைக்கழகப் படிப்பை முடிக்காத கரம்சினுக்கு அங்கே ஒட்டியிருக்கவும் முடிந்திருக்காது என்பது என் எண்ணம்.

சந்தா திரட்டி எழுதும் வழி எங்கே கொண்டுபோய்விடும் என்பதை, ஒரு தலைமுறை கழித்து நிக்கொலாய் பொலெவோய் காட்டினார். இர்க்கூத்ஸ்க் வணிகர் குடும்பத்திலிருந்து வந்து, 1825 முதல் 'மாஸ்கோ டெலிகிராஃப்' இதழை நடத்திய இவர், அரசர்களை மையமாகக் கொண்ட கரம்சினின் வரலாற்றுக்கு மறுப்பாக 'ரஷ்ய மக்களின் வரலாறு' என்ற தலைப்பில் பன்னிரண்டு தொகுதிகள் எழுதப்போவதாக அறிவித்து, முன்பணமாகச் சந்தா வாங்கினார். 1829 முதல் 1833 வரை ஆறு தொகுதிகளே வந்தன. இதழின் ஒவ்வோர் எண்ணையும் குறித்த நாளில் கொண்டுவர வேண்டிய நெருக்கடிக்கிடையே எழுதப்பட்ட அந்த நூல், அறிவிப்பு எழுப்பிய எதிர்பார்ப்பை நிறைவேற்றவில்லை. பணம் கட்டியவர்களின் கோபத்தையும் பொலெவோய் சுமக்க வேண்டியிருந்தது. 1834-இல், அரசவையின் பாராட்டைப் பெற்ற ஒரு நாடகத்தைக் குறைகூறி மதிப்புரை எழுதியதற்காக இதழும் தடை செய்யப்பட்டது. அவருடைய அடிப்படைக் கருத்து கரம்சினுடையதைக் காட்டிலும் நவீனமானது என்பதை மறுக்க முடியாது. எனினும், காப்பக ஆவணங்களை ஆண்டுக்கணக்கில் ஊன்றிப் படிக்கும் வேலைக்கு முன்பணம் தந்த வாசகரைப் போல மோசமான முதலாளி கிடையாது. அவர் அடுத்த தொகுதியைக் கேட்டுக்கொண்டே இருப்பார்.

இதழிலேயே நிலைப்பது என்ற வழிதான் உண்மையில் கரம்சினுக்கு மிகவும் கவர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். ரஷ்யாவில் எழுத்தாளர் ஒருவர் அரசுப் பதவியோ பெரும் புரவலரோ இல்லாமல், வாசகரிடமிருந்து வரும் பணத்தில் கண்ணியமாக வாழ முடியும் என்று காட்டிய முதல் சிலரில் அவர் ஒருவர். ஆண்டுக்கு 6,000 ரூபிள் என்பது உயர் அதிகாரிகளின் ஊதியத்தோடு ஒப்பிடத் தக்க தொகை. வெளிநாட்டுச் செய்தித்தாள்களிலிருந்து அரசியல் செய்திகளை எடுத்துத் தொகுப்பது, மொழிபெயர்ப்பது, கதைகள் எழுதுவது, நாட்டின் நிலையைப் பற்றித் தன் கருத்தைச் சொல்வது என இதழின் பெரும் பகுதியை அவரே நிரப்பினார். மேலும், அவருக்குள் இருந்த வரலாற்றாசிரியர் உருவானதும் அங்கேயே. அலெக்சேய் அரசர் காலத்து மாஸ்கோக் கலகத்தைப் பற்றிய கட்டுரை, மாஸ்கோவுக்கு அருகிலுள்ள திரித்துவ மடத்துக்குச் செல்லும் வழியில் எழுந்த வரலாற்று நினைவுகள், நோவ்கொரத் நகரின் வீழ்ச்சியைக் கதையாக்கிய 'மார்ஃபா' ஆகிய எல்லாம் 1802, 1803 ஆண்டுகளின் இதழ்களில் வந்தவை. பின்னாளில் அவருடைய வரலாற்றைச் சாதாரண வாசகர்களும் விரும்பிப் படித்ததற்குக் காரணம், மாதத்துக்கு இருமுறை வாசகரை எதிர்கொண்ட இந்தப் பழக்கம்தான் என்று துணிந்து சொல்வேன்.

அதற்கு எதிராக வைக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, தனியார் அச்சுத்தொழிலின் பாதுகாப்பின்மை. தன் ஆசான் நோவிக்கோவுக்கு நேர்ந்ததைக் கரம்சின் அருகிலிருந்து பார்த்தவர்; பழைய ஆவணங்களைத் தொகுத்துத் தொடர்ந்து வெளியிட்ட அந்தப் பதிப்பாளர் 1792-இல் கைது செய்யப்பட்டு, பதினைந்து ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டு, ஷ்லூசல்பர்க் கோட்டையில் அடைக்கப்பட்டார். அரசி காதரீன் இறந்தபின் 1796-இல்தான் அவர் வெளியே வந்தார். காதரீனுக்குப் பின் வந்த பாவெல் அரசர் காலத்தில் கரம்சின் வெளியிட முனைந்த பிறமொழி இலக்கியத் தொகுப்பிலிருந்து, பண்டைய கிரேக்க, ரோமானியப் பேச்சாளர்களான டெமாஸ்தனிஸும் சிசரோவும் குடியரசுவாதிகள் என்ற காரணத்தால் தணிக்கையாளர் அவர்களை நீக்கச் செய்தார். 1801-இல் அலெக்சாந்தர் அரியணை ஏறியபின் காற்று மாறியிருந்தது உண்மை. ஆனால் அது மீண்டும் மாறாது என்று எந்த ஆசிரியராலும் உறுதி சொல்ல முடியாது.

இரண்டாவது காரணம் காலம் சார்ந்தது. கரம்சின் விலகியபின் 'ஐரோப்பியத் தூதன்' சில ஆசிரியர்களின் கைமாறி, இடையிடையே விட்டுவிட்டாலும் 1805 முதல் 1830 வரை பெரும்பாலும் மிகைல் கச்சனோவ்ஸ்கியின் பொறுப்பில் இருந்தது. அதே இதழ், அதே ஊர், அதே வரலாற்று ஆர்வம். கரம்சின் நாற்காலியை விட்டு எழாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு இதைவிட நெருங்கிய எடுத்துக்காட்டு கிடைக்காது. கச்சனோவ்ஸ்கி கூரிய அறிவுடையவர். மாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியராகி, பிற்காலத்தில் அதன் தலைவராகவும் உயர்ந்தார். பழைய சுவடிகளின் நம்பகத்தன்மையைக் கேள்விக்குட்படுத்திய ஐயவாதப் பள்ளியைத் தொடங்கிவைத்தார். கரம்சினின் வரலாறு வெளிவந்தபோது அதைத் தன் இதழிலேயே கடுமையாக விமரிசித்தார். இத்தனையும் செய்தவர், தன் பெயர் சொல்லும் முழுமையான வரலாற்று நூல் ஒன்றையும் விட்டுச் செல்லவில்லை. திறமைக் குறைவை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்வது அவருக்குச் செய்யும் அநீதி. இதழ் ஒவ்வொரு வாரத்தின் உழைப்பையும் அந்த வாரத்திலேயே விழுங்கிவிடும் தொழில். கட்டுரை, மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு என்ற அளவில் சிந்தனையைத் துண்டாக்கிவிடுவதும் அதன் இயல்பு.

இனி, கரம்சின் தேர்ந்தெடுத்த வழி. பணக் கணக்கில் மட்டும் பார்த்தால் இது தோற்றுப்போன தேர்வு. வருவாய் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. அதுவும் தாள் ரூபிளில் நிர்ணயிக்கப்பட்ட தொகை. 1803-இல் ஒரு தாள் ரூபிளுக்கு ஏறக்குறைய 80 வெள்ளிக் கோபெக் (ரூபிளில் நூறில் ஒரு பங்கு) கிடைத்தது. நெப்போலியனோடு நடந்த போர்களின் செலவால் 1811 அளவில் அது 25 கோபெக் அளவுக்குச் சரிந்தது. ஆக, 1,600 வெள்ளி ரூபிள் மதிப்பில் தொடங்கிய மானியம் எட்டு ஆண்டுகளில் 500 வெள்ளி ரூபிள் மதிப்புக்குத் தேய்ந்துவிட்டது. சந்தா விலையை உயர்த்தும் வழி இதழாசிரியருக்கு உண்டு. மானியம் பெறுபவருக்கு அது இல்லை. குடும்பம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் 1804-இல் நடந்த இரண்டாம் திருமணம். மனைவி எகத்தெரீனாவின் தந்தையான இளவரசர் வியாசெம்ஸ்கிக்குச் சொந்தமாக மாஸ்கோவுக்கு அருகே இருந்த ஒஸ்தாஃபியெவோ மாளிகையில், அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளின் பெரும்பகுதியைக் கழித்தபடி கரம்சின் எழுதினார். குடும்ப நிலங்களின் பண்ணையடிமைகள் செலுத்திய வரியும் அந்த மேசைக்கு வந்து சேர்ந்தது. அரசு மானியமே ஒரு வரலாற்றை எழுத வைத்தது என்று சொல்பவர்கள், இந்த மறைமுக மானியத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பணத்தைத் தாண்டி அந்தப் பதவி தந்தது சுவடிகளின் திறவுகோல். மாஸ்கோவிலிருந்த வெளியுறவுத் துறையின் ஆவணக் காப்பகமும் திருச்சபை நூலகமும் மடங்களின் சுவடிப் பேழைகளும், வெறும் இதழாசிரியர் ஒருவருக்குத் திறந்திருக்க மாட்டா. அரசு வரலாற்றாசிரியருக்குத் திறந்தன, ஆவணங்கள் ஒஸ்தாஃபியெவோவுக்கே அனுப்பியும் வைக்கப்பட்டன. தென்ரஷ்ய வரலாற்றுக்கு அடிப்படையான இபாத்தியேவ் சுவடியைக் கண்டெடுத்து அறிஞர் உலகுக்குக் கொண்டுவந்தவர் அவரே. திரித்துவ மடத்தின் நூலகத்தில் அவர் கண்ணில் பட்ட மற்றொரு சுவடி நமக்கும் உறவுடையது: பதினைந்தாம் நூற்றாண்டில் பாமினி சுல்தான்களின் பீதர் நகரம் வரை வந்து திரும்பிய த்வேர் நகர வணிகர் அஃபனாசி நிகித்தீனின் பயணக் குறிப்பு. வாஸ்கோ ட காமாவுக்கு முன்பே இந்தியாவில் கால்பதித்த இந்த ரஷ்யரை, ஆறாம் தொகுதியின் குறிப்புகளில் தந்த பகுதிகள் வழியாகக் கரம்சின்தான் முதன்முதலாகப் பொது வாசகருக்கு அறிமுகப்படுத்தினார்.

பதவியோடு கூடுதலாகக் கிடைத்த மற்றொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. ஆணையில் கெடு குறிக்கப்படவில்லை. ஆண்டுதோறும் அறிக்கை கேட்கும் மேலதிகாரியும் இல்லை. ஐந்தாறு ஆண்டுகளில் முடியும் என்று கடிதத்தில் எழுதியவர், 1826-இல் இறக்கும்வரை இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் எழுதியும், பன்னிரண்டாம் தொகுதியில் 1611-ஆம் ஆண்டைத் தாண்டவில்லை. இப்படியொரு தாமதத்தை எந்தச் சந்தாதாரரும், எந்தப் பதிப்பாளரும் பொறுத்திருக்க மாட்டார்கள்.

இதற்குக் கொடுத்த விலை என்ன? அரசர் பணத்தில் எழுதியவர் அரசருக்காக எழுதினார் என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. மக்களின் வரலாறு அரசருக்கே உரியது என்று நூலின் காணிக்கையுரையில் கரம்சின் எழுதியதும் அதற்கு வலுவூட்டியது. அதற்கு மறுப்பாக, வரலாறு மக்களுக்கே உரியது என்று கையெழுத்துப் படியில் எழுதிச் சுற்றுக்கு விட்டவர் நிகீத்தா முராவ்யோவ். கரம்சினுக்கு அந்தப் பதவியைப் பெற்றுத்தந்த மிகைல் முராவ்யோவின் மகன். பின்னாளில், 1825-இல் முடியாட்சிக்கு எதிராக நடந்த டிசம்பர் எழுச்சியில் பங்குகொண்டதற்காகச் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டவர். அவர் சொன்னதில் நியாயம் உண்டு: ஆட்சியாளர் வரிசைப்படி அமைந்த அந்த நூலில் குடியானவரின் வாழ்க்கைக்குச் சிறிய இடமே கிடைக்கிறது.

ஆயினும் மானியம் வாயை அடைத்தது என்ற முடிவுக்கு வர இயலவில்லை. வலுவான முடியாட்சியே ரஷ்யாவுக்கு ஏற்றது என்ற நம்பிக்கைக்குக் கரம்சின் இதழ் நடத்திய நாட்களிலேயே வந்துவிட்டார். அதை 2,000 ரூபிள் உண்டாக்கவில்லை. 1811-இல் அரசரின் சகோதரி எகத்தெரீனா பாவ்லவ்னாவின் வேண்டுகோளுக்கிணங்கி எழுதி, த்வேர் நகரில் அலெக்சாந்தரின் கைக்குப் போன 'பழைய ரஷ்யாவும் புதிய ரஷ்யாவும்' என்ற குறிப்புரையில், அரசரின் வெளியுறவுக் கொள்கையையும் நிர்வாகச் சீர்திருத்தங்களையும் நேருக்கு நேராகக் குறைகூறியிருக்கிறார். பண்ணையடிமைகளை விடுவிப்பதை எதிர்க்கும் அதன் பகுதிகள் இன்று படிக்கக் கசப்பானவை. அதன் துணிவு வேறு கணக்கில் வைக்க வேண்டியது. 1821-இல் வெளிவந்த ஒன்பதாம் தொகுதி, பதினாறாம் நூற்றாண்டு அரசரான கொடுங்கோல் இவானின் கொலைகளை ஆண்டுவாரியாக, எவ்வித மறைப்புமின்றி விவரித்தது. முடியாட்சியை எதிர்த்த இளைஞர்களே அதை வியந்து படித்தார்கள். அது வழக்கமான தணிக்கையின் கையில் சிக்கியிருந்தால் அப்படியே வந்திருக்குமா என்பது ஐயம். அரசரே நேரடித் தணிக்கையாளர் என்ற விதிவிலக்கு அவருடைய நூலுக்குக் கிடைத்திருந்தது.

உண்மையான விலை வேறிடத்தில் இருந்தது. முதல் எட்டுத் தொகுதிகளை அச்சிட நிதி கேட்டு 1816-இன் தொடக்கத்தில் பீட்டர்ஸ்பர்க் போன கரம்சின், ஒரு மாதத்துக்கும் மேல் அரசரின் பேட்டிக்காகக் காத்துக்கிடந்தார். அதிகாரம் மிக்க அரக்செயெவைப் போய்ப் பார்த்தபின்னரே கதவு திறந்தது. 60,000 ரூபிளும் விருதும் கிடைத்தன, சரி. 1818 பிப்ரவரியில் நூல் வெளிவந்ததும் மூவாயிரம் படிகள் ஒரு மாதத்துக்குள் விற்றுத் தீர்ந்தன. இரண்டாம் பதிப்பின் உரிமையை ஒரு நூல் வணிகர் 50,000 ரூபிளுக்கு வாங்கினார். வாசகர்கள் காப்பாற்றுவார்கள் என்ற 1803-இன் கணிப்பு, பத்தாண்டு தாமதமாகவேனும் பலித்தது. மற்றோர் இழப்பு இலக்கியத்துக்கு. 'பேதை லீசா'வை எழுதிய கை 1803-க்குப் பின் கதைப் பக்கம் ஏறக்குறையத் திரும்பவே இல்லை. ரஷ்ய உரைநடைக் கதை அடுத்த பெரிய எழுத்தாளருக்காக நெடுநாள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

எஞ்சியிருப்பது, கரம்சினின் சொந்தத் திட்டமான இரண்டாவது வழி: ஐந்தாறு ஆண்டுகள் இதழ் நடத்திச் சேமித்து, பிறகு எவருக்கும் கடமைப்படாமல் எழுதுவது. காகிதத்தில் இதுவே எல்லாவற்றிலும் சிறந்தது. மானியத்தின் அவமானமும் இல்லை, முன்பணக் கடனும் இல்லை. கண்பார்வை ஒத்துழைத்திருந்தால் 1808 அளவில் வரலாற்றுக்கு வந்திருப்பார். ஆனால் 1812 செப்டம்பரில் மாஸ்கோ எரிந்தது. கரம்சினின் சொந்த நூலகம் சாம்பலானது. எழுதிமுடித்த பகுதிகளின் படிகள் மட்டும் தப்பின. மூசின்-பூஷ்கின் பிரபுவின் சுவடிச் சேகரிப்பு அழிந்தது. 1408-ஆம் ஆண்டு வரையிலான செய்திகளைக் கொண்டிருந்த, தோல்தாளில் எழுதப்பட்ட திரித்துவச் சுவடியும் அந்தத் தீயில் போனது. அதற்குள் கரம்சின் அதிலிருந்து நூற்றுக்கணக்கான பகுதிகளைத் தன் குறிப்புகளில் படியெடுத்திருந்தார். அந்தச் சுவடியை மீட்டமைத்து வரலாற்றறிஞர் மிகைல் பிரிசியோல்கவ் உருவாக்கி, 1950-இல் வெளிவந்த பாடம், பெரிதும் அந்தக் குறிப்புகளின் மேல்தான் கட்டப்பட்டது. 1808-இல் தொடங்கியிருந்தால், அவர் எழுதிய வேகத்தில் நான்கே ஆண்டுகளுக்குள் பதினான்காம் நூற்றாண்டின் ஆவணங்களை எட்டியிருக்க முடியாது. திரித்துவச் சுவடியின் மிக மதிப்பு வாய்ந்த பகுதிகள் அவர் பார்வைக்கு வருமுன்பே எரிந்துபோயிருக்கும். எவருக்கும் கடமைப்படாத அந்த வரலாற்றாசிரியர், சேமித்த பணத்தோடு, படிக்கச் சுவடியில்லாமல் உட்கார்ந்திருப்பார்.